அறுபது பல் ரம்பம்

"பல் எத்தனைன்னு கேட்டா சொல்லு, ஃபிரெட்ரிக். பல் டாக்டர் மாதிரி உத்துப் பார்த்துண்டே நிக்காதே."

"அட்டையிலேயே போட்டிருக்கு. நூறு."

"வேண்டாம். வச்சுடு."

"இன்னா தங்கச்சி அப்டி சொல்லிட்ட?" என்றார் கல்லாவில் இருந்தவர். "நூறு பல்லுன்னா சும்மாவா? மனுசனுக்கே முப்பத்திரண்டுதான் கீது. பல்லு ஜாஸ்தியானா வேலை சுத்தம்."

"அது அலுமினியத்துக்குண்ணா. அட்டையில ஜன்னல் ஃபிரேம் படம் போட்டிருக்கு, பாருங்க."

அவர் அட்டையை வாங்கித் தூக்கிப் பிடித்து, தன் கடைச் சரக்கை அன்றுதான் முதல்முறையாகச் சந்திப்பவர் போலப் பார்த்தார். "அட, ஆமா. படம் கீது."

தி.நகரில் உஸ்மான் சாலையை விட்டு உள்ளே ஒடுங்கும் ஒரு சந்தில் இருந்தது ஜவஹரின் ஹார்டுவேர் கடை. தீபாவளித் துணிக்கு அலையும் கூட்டம் வாசலில் இடித்துக்கொண்டு போனது. உள்ளே, ஆணிப் பெட்டிகளுக்கும் கயிற்றுச் சுருள்களுக்கும் நடுவே, மஹதி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எந்தப் பிளேடையும் அவள் தொடவில்லை. எடுப்பது, திருப்புவது, வைப்பது எல்லாம் ஃபிரெட்ரிக்.

ஜவஹருக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு ஒண்ணு புரியல நைனா. கேள்வி கேக்கறது அவங்க, கையில வாங்கறது நீ. பிளேடு யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எதுக்கு?"

ஃபிரெட்ரிக் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "மரம் அறுக்க," என்றான்.

"இன்னா மரம்?"

"பிளைவுட் மரம்."

"அது எந்தக் காட்டுல வளருது?"

மஹதி குறுக்கே புகுந்தாள். பிளைவுட்டின் குறுக்கே அறுக்க வேண்டும், முகத்தில் சிராய் பெயரக் கூடாது, ஆகவே அறுபது பல், பல்லின் நுனி கார்பைடு. ஜவஹர் ஒன்றை எடுத்துப் போட்டார். நடுத்துளை கொஞ்சம் பெரிசு, ஆனால் ஒரு வளையம் தருகிறேன், உள்ளே செருகிக்கொண்டால் கச்சிதமாக உட்காரும் என்றார்.

"வளையம் வேண்டாம்ணா. துளையே சரியா இருக்கணும்." அவள் கைப்பையிலிருந்து, மெஷினோடு உபரியாக வந்த கனமான வாஷரை எடுத்து ஃபிரெட்ரிக்கிடம் கொடுத்தாள். "இதுல இருக்கற துளையும் பிளேடு துளையும் ஒண்ணா இருக்கான்னு பாரு. அப்பறம், எவ்வளவு வேகம் தாங்கும்னு போட்டிருக்கும். நம்ம மெஷின் சுத்தற வேகத்தை விட அது ஜாஸ்தியா இருக்கணும்."

"நம்ம மெஷினா?" என்றார் ஜவஹர், துப்பறிந்துவிட்ட குரலில்.

"அவன் மெஷின்," என்றாள் மஹதி.

இவ்வளவு நாடகத்துக்கும் காரணம் மஹாளய பக்ஷம். பித்ருக்கள் வந்து போகிற அந்த நாட்களில் மஹதியின் அம்மா சுப்புலக்ஷ்மி புதிதாக ஓர் ஊசி கூட வாங்க மாட்டாள். பக்ஷம் முடிகிற அமாவாசையன்று சாயங்காலம் கொலுப்படி ஏறியாக வேண்டும். பிளைவுட் ஆவணியிலேயே வாங்கியாயிற்று. பிளேடுதான் நடுவில் காலை வாரியது. வழி கண்டுபிடித்ததும் அம்மாதான். "மாடியில ஃபிரெட்ரிக் இருக்கானே. அவாளுக்கு மஹாளயம் கிடையாது. அவன் வாங்கட்டும், நாம இரவல் வாங்கிக்கலாம். இரவலுக்கு தோஷமில்லை." இரவல் இரவலாகவே இருக்க வேண்டுமானால் கடையில் நீ கை வைக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினாள். ஃபிரெட்ரிக்கின் அம்மா பியாட்ரிஸ் இதைக் கேட்டுவிட்டு, "ரம்பத்துக்கு ஞானத் தகப்பனா போறியாடா?" என்று மட்டும் கேட்டாளாம்.

அந்த மெஷின், அடையாறில் இழுத்து மூடிய ஓர் உள்அலங்காரக் கம்பெனியிடமிருந்து மஹதி வாங்கிய டேபிள் சா. மேஜையின் நடுவில் ஒரு பிளவு. பிளவிலிருந்து வட்ட ரம்பம் பாதி முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். தேனாம்பேட்டை இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு மரவேலை செய்யப் போகிறேன் என்று அவள் சொன்னபோது வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. அதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. ஜுரம் வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அவள் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் தச்சர்கள் பனிக்காலம் முழுக்க ஒரே நாற்காலியைச் செய்வார்கள். வெளியே ஓநாய் ஊளையிடும், அடுப்பில் கட்டை வெடிக்கும். யாரும் வந்து, "ஆறு மணிக்கு மேல சத்தம் கூடாது, அசோசியேஷன் ரூல்," என்று சொல்வதில்லை.

மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் ஃப்ளாட்டில் அதைச் சொல்ல ஸ்ரீனிவாசராகவன் இருந்தார். திருவல்லிக்கேணியிலிருந்து குடிவந்து, முதல் கூட்டத்திலேயே செயலாளராகி, இன்னும் செயலாளராகவே இருப்பவர். மெஷின் நின்றது கீழே, மஹதி வீட்டுக்கு ஒதுக்கிய கார் நிறுத்தும் இடத்தில். அவர்களுக்குக் கார் இல்லை என்பதால் அது நியாயம் என்று அவள் நினைத்தாள். கார் நிற்கிற இடத்தில் கார்தான் நிற்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

முதல் படியை அவள் பழைய பிளேடில் அறுத்தாள். அதில் இருந்தது இருபத்துநாலு பல், மரத்தை நீளவாட்டில் கிழிப்பதற்கானது. பிளைவுட்டின் முகம் எலி கடித்த முறுக்கு போல ஆயிற்று. பார்வையிட வந்த ஸ்ரீனிவாசராகவன் விளிம்பில் விரலை ஓட்டினார். சிராய் ஏறிவிட்டது. சுப்புலக்ஷ்மி கோலப்பொடி டப்பாவிலிருந்து ஊசி எடுத்துப் பிடுங்கும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிடுங்கியதும் பேசினார்.

"அமாவாசைக்கு உங்காத்துப் படி ஏறி நிக்கணும். நின்னா மேலே பேசலாம். இல்லேன்னா மெஷின் வண்டி ஏறும். பழைய இரும்புக்காரனை நானே கூப்பிடுவேன்."

ஆகவே அறுபது பல்.

மறுநாள் சாயங்காலம் பழைய பிளேடைக் கழற்றும் வைபவம். மஹதி முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். சுவிட்சை அணைத்தால் போதாது. அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் எந்த சுவிட்சையும் போடுவார்கள், போன் சார்ஜ் ஏற. பிடுங்கிய பிளக்கை அம்மாவிடம் கொடுத்தாள்.

"இதைக் கையை விட்டுக் கீழே வைக்கப்படாது. நான் கேக்கறவரைக்கும்."

சுப்புலக்ஷ்மி பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, கோயில் கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடிப்பது போல அந்தப் பிளக்கைப் பிடித்துக்கொண்டாள். மடியில் போன் அடித்தது. எடுக்கவில்லை. "அக்காதான். அவளுக்கென்ன, அப்பறம் பேசலாம். எங்கிட்ட கரண்ட் இருக்கு."

பிளேடைச் சுற்றியிருந்த தகட்டு மூடியை எடுத்து, பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றினாள் மஹதி. நட் தெரிந்தது. ஸ்பேனரை மாட்டினாள். பிளேடு கூடவே சுற்றாமலிருக்கப் பல்லுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தான் ஃபிரெட்ரிக். கையில் அவன் அம்மா கேக் சுடும்போது போடும் தடித்த உறை. அதில் கிறிஸ்துமஸ் மரம் தைத்திருந்தது.

"எந்தப் பக்கம் திருப்பணும்?" என்றான்.

"பிளேடு எந்தப் பக்கம் சுத்துமோ அந்தப் பக்கம். பல்லு மேலே நம்மைப் பார்த்துண்டு வருது இல்லையா, அப்படியே முன்னாடி இழுத்தா கழலும்."

"இரு, வலக்கை விதி." ஃபிரெட்ரிக் உறை போட்ட கட்டை விரலை உயர்த்தினான். கிறிஸ்துமஸ் மரம் தலைகீழானது. "விரல் மடங்கற திசை... இல்ல, இது கரண்ட்டுக்கு."

"எதையும் வலமாத்தான் சுத்தணும்," என்றார் ஸ்ரீனிவாசராகவன், தூணோரம் இருந்து.

"மாமா, நீங்க நிக்கற இடத்துலேர்ந்து வலம், எனக்கு இடம்."

"வலம் எல்லாருக்கும் வலம்தான்."

அவள் இழுத்தாள். நட் அசையவில்லை. ஸ்பேனர் நழுவினால் கை எங்கே போகும் என்று முதலில் யோசித்து, பல்லை விட்டு விலகி நின்று, மறுபடி இழுத்தாள். 'கடக்' என்று விட்டுக்கொடுத்தது. சுப்புலக்ஷ்மி பயந்து பிளக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பழைய பிளேடு வெளியே வந்தபோது மணி ஆறு. ஸ்ரீனிவாசராகவன் கடிகாரத்தைக் காட்டினார். சத்தமே இல்லாத வேலை என்று வாதாடிப் பார்த்தார்கள். ரூல் என்றால் ரூல்.

"புதுசை எங்கே வைக்கப் போறே?" என்றார்.

"இங்கேதான், பெட்டிக்குள்ள."

"பல்லோட இருக்கற வஸ்துவை இங்கேயா? குழந்தைகள் ஓடி விளையாடற இடம். குடு, அசோசியேஷன் பீரோவில வச்சுப் பூட்டறேன். கார்த்தால வாங்கிக்கோ."

இது நியாயமாகப் பட்டதால் கொடுத்தாள். அட்டை உறையோடு, இரண்டு கையிலும் தாங்கி, சூடான பால் கொண்டுபோவது போல அவர் நடந்து போனார்.

காலையில் திருப்பிக் கொடுத்தபோது, "ஜாக்கிரதை," என்றார். அவ்வளவுதான். வழக்கமாக அவர் ஒரே வார்த்தையில் நிறுத்துவதில்லை. மஹதி அதைக் கவனித்திருக்க வேண்டும்.

அவள் கவனம் வேறு எங்கோ இருந்தது. முகப்பில் அச்சடித்திருந்த அம்புக்குறி, பல் மேலே தன்னைப் பார்த்து வருகிறதா என்ற சோதனை, பிளேடை மாட்டுவது, வாஷரை வைப்பது, நட்டை அளவாக முறுக்குவது, எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். அம்மா பிளக்கோடு அதே நாற்காலியில். கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். மேஜையோரம் ஒரு பென்சிலை நகராமல் பிடித்து, முனை பிளேடின் பக்கவாட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்து, கட்டையால் மெதுவாகப் பிளேடைத் தள்ளினாள்.

பிளேடு பென்சிலைத் தொட்டது. விலகியது. மறுபடி தொட்டது.

"ஆடறது," என்றாள்.

"நடனமா?" என்று எட்டிப் பார்த்த ஃபிரெட்ரிக், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கினான்.

நட்டைக் கழற்றித் திரும்ப முறுக்கினாள். ஆட்டம் நிற்கவில்லை. ஜவஹருக்குப் போன் போட்டார்கள். "பிளேடா வளையும்? நம்ம கடை சரக்கு வளையாது தங்கச்சி. உங்க மெஷின் ஷாஃப்ட்டுதான் வளைஞ்சிருக்கும். பழைய மெஷின்தானே? அப்ப முடிஞ்சது கத. ஆமா, மெஷின் யாருதுன்னு சொன்ன?"

அவள் போனை வைத்தாள். ஷாஃப்ட் வளைந்திருந்தால் படி இல்லை. படி இல்லையென்றால் மெஷின் இல்லை. மெஷின் இல்லையென்றால் தேனாம்பேட்டைக்குத் திரும்பப் போய், விட்டுவிட்டு வந்த அதே நாற்காலியில் உட்கார வேண்டும். அந்த நாற்காலிக்கும் ஒரு கால் ஆடும்.

ஸ்ரீனிவாசராகவன் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "என்ன, கோணலா?" என்றார். அவர் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. ஏதோ அவருக்கே உடம்பு சரியில்லாதது போல இருந்தது.

அவள் நாவல்களில் இந்த இடத்தில் தச்சன் பனியில் இறங்கி நடந்துவிடுவான். வெளியே மயிலாப்பூரில் புரட்டாசி வெயில் காய்ந்தது. அதனால் அவள் யோசித்தாள்.

"பழைய பிளேடைக் குடு, ஃபிரெட்ரிக்."

பழையதை மாட்டிச் சுற்றினாள். பென்சிலுக்கும் பிளேடுக்கும் நடுவில் இருந்த இடைவெளி மாறவே இல்லை. சரி, ஷாஃப்ட் நேர். மெஷின் நேர். குற்றவாளி புதியவன். அதைக் கையுறையோடு தூக்கி, முதல் தடவையாகப் பின்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள்.

நடுத்துளையை ஒட்டி, காய்ந்து கெட்டியான வெள்ளை மண். இரண்டு கோடு. நடுவே சிவப்பாக ஒரு கோடு. பாதி உதிர்ந்து, பாதி நசுங்கி.

குனிந்து மெஷினுக்குள் பார்த்தாள். உள்பக்கத்து வாஷரில் அதன் வெள்ளைத் தடம் மட்டும் மெல்லிசாகப் படிந்திருந்தது. பிளேடும் வாஷரும் ஒட்டி உட்கார வேண்டிய இடத்தில் ஒரு சிட்டிகை மண். நடுவில் கடுகளவு தூக்கினால் விளிம்பில் விரலளவு ஆடாதா பின்னே?

ஃபிரெட்ரிக் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"அந்த ஜோக்கைச் சொல்லாதே," என்றாள் மஹதி.

"நான் ஒண்ணும்..."

"சொல்லப்படாது."

மூன்று பேரும் திரும்பி ஸ்ரீனிவாசராகவனின் நெற்றியைப் பார்த்தார்கள். அன்று காலை இட்ட நாமம் புதுசாக, பளிச்சென்று இருந்தது. அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பிளேடைக் கிட்டத்தில் பார்த்தார்.

"தென்கலைன்னா கீழே பாதம் இருக்கணும். தெரியலையே," என்றார். "யாராவது வடகலைக்காரா வந்து போட்டிருப்பா."

"பூட்டின பீரோவுக்குள்ளயா, மாமா?"

அவர் தூணைப் பார்த்தார். தண்ணீர் மோட்டாரைப் பார்த்தார். அவர் எழுதி ஒட்டியிருந்த 'எச்சில் துப்பாதீர்' பலகையைப் பார்த்தார். எதுவும் உதவிக்கு வரவில்லை.

"பல்லைப் பார்த்தேன்," என்றார் கடைசியில். "அறுபது. ஒரு சிராய்க்கே எனக்கு உயிர் போயிடுத்து. நீ பத்து விரலையும் வச்சுண்டு அதுங்கிட்ட நிக்கறே. பக்ஷம்னு பூஜையும் போடலை உங்காத்துல. பெருமாள் பேர் இல்லாத இரும்புன்னு மனசு கேக்கலை. யாருக்கும் தெரியாம பின்பக்கத்துல சின்னதா ஒண்ணு சாத்தினேன். அது உள்ளே போய் உட்கார்ற இடம்னு எனக்கெப்படித் தெரியும்?"

மஹதிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததில் விக்கல் எடுத்தது.

"மாட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் துடைச்சிருக்கணும் மாமா. புதுசுதானேன்னு விட்டுட்டேன். அது என் தப்பு," என்று எண்ணெய்த் துணியை எடுத்தவள், கையை அப்படியே நிறுத்தினாள்.

நாமத்தை எண்ணெய்த் துணியால் துடைப்பதா? அம்மா முகம் போன போக்கைப் பார்த்து ஃபிரெட்ரிக்கைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கற?" என்றான் அவன். "நான் வாங்கிக் குடுத்ததோட என் பொறுப்பு முடிஞ்சது."

ஸ்ரீனிவாசராகவனே மாடிக்குப் போனார். செம்பில் தண்ணீரும் மடித்த வெள்ளைத் துண்டும் கொண்டுவந்தார். மஹதி பிளேடைப் பல்படாமல் பிடித்துக்கொள்ள, அவர் ஏதோ முணுமுணுத்தபடி பிளேடைத் துடைத்தார், உள்ளே கையை விட்டு வாஷரையும் துடைத்தார். அம்மாவின் பிடியில் பிளக் பத்திரமாக இருப்பதை இரண்டு தடவை உறுதி செய்துகொண்ட பிறகே கையை விட்டார். துண்டைப் பிழிந்த தண்ணீர் துளசித் தொட்டிக்குப் போயிற்று. பிறகு மஹதி எல்லாவற்றையும் உலரத் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி மாட்டினாள். பென்சில் வைத்துச் சுற்றினாள்.

அறுபது பல்லும் ஒவ்வொன்றாக வந்து, பென்சில் முனையை மயிரிழையில் தாண்டி, மரியாதையாகப் போயின.

"நான் வேற எங்கேயாவது ஒண்ணு சாத்தட்டுமா?" என்றார் ஸ்ரீனிவாசராகவன். கையில் திருமண் பெட்டி. துண்டு எடுக்கப் போனபோதே அதையும் எடுத்து வந்திருக்கிறார்.

"சுத்தாத இடத்துல சாத்துங்கோ, மாமா."

மெஷினின் முன்காலைத் தேர்ந்தெடுத்தார். முட்டி வலிக்கக் குந்தி உட்கார்ந்து, வெள்ளைக் கட்டியைக் குழைத்து, நிதானமாகப் போட்டார். இந்தத் தடவை பாதம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

தகட்டு மூடி போட்டாயிற்று. பிளைவுட்டின் கனத்தைக் கொஞ்சம் மட்டும் தாண்டும்படி பிளேடை இறக்கினாள். மேலே கவசம். கையுறையைக் கழற்றினாள், சுற்றுகிற பிளேடருகே உறை மாட்டிக்கொண்டால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். துப்பட்டாவைக் கழற்றி ஃபிரெட்ரிக்கின் கழுத்தில் போட்டாள். "எல்லாரும் பின்னாடி நேரா நிக்காதேங்கோ, பக்கவாட்டுல போங்கோ. அம்மா, இப்போ செருகு."

சுப்புலக்ஷ்மிக்கு அது பிரிவுபசாரம் போல இருந்தது. செருகினாள்.

மெஷின் எழுந்தது. பழைய பிளேடு போட்ட இரைச்சல் இல்லை, ஒரு சீரான ரீங்காரம். பிளேடுக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, தள்ளுகட்டையால் மஹதி பலகையை நகர்த்தினாள். மரத்தூள் வெயிலில் எழும்பி மெல்ல இறங்கியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு அது பனி விழுவது போல இருந்தது. பிறகு ஸ்ரீனிவாசராகவன் தும்மினார்.

சுவிட்சை அணைத்து, பிளேடு முழுக்க நிற்கும்வரை யாரும் அசையவில்லை. அணைத்த கையோடு சுப்புலக்ஷ்மி பிளக்கைப் பிடுங்கித் தன் வசம் எடுத்துக்கொண்டாள், யாரும் கேட்காமலே.

படிப்பலகை மேஜைமேல் கிடந்தது. ஸ்ரீனிவாசராகவன் விரலை நீட்டினார், பின்னுக்கு இழுத்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பில் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினார். விரலைத் தூக்கிப் பார்த்தார். திருமண்ணின் வெள்ளையைத் தவிர விரலில் ஒன்றும் இல்லை.

"படி நிக்கும்," என்றார். மறுபடி விரலைப் பார்த்துக்கொண்டார்.

மஹதிக்கு அடுத்த கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. பியாட்ரிஸ் ஆன்ட்டி கேட்டிருந்த சமையலறை அலமாரி, அதற்குப் பிறகு ஒரு புத்தக அலமாரி, அதற்கும் பிறகு என்னென்னவோ. எல்லாம் இந்த மனிதரின் ஒரு தலையசைப்பில் இருந்தன. வாய் திறக்க பயமாக இருந்தது. அறுபது பல்லிடம் இல்லாத பயம்.

அப்போது பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது. இத்தனை நாளும் இந்த மெஷினைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத சுப்புலக்ஷ்மி எழுந்து நின்றாள். ஒரு கையால் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். இன்னொரு கையில் பிளக்.

"மாமா," என்றாள். "கொலு முடிஞ்சப்பறமும் இது இங்கேயே இருக்கட்டுமே. நான் பிளக்கைப் பிடிச்சுக்கறேன்."